பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த முடி

மொட்டையடித்த தலையில் சந்தனம் காயும்போது ஒரு குளிர்ச்சி இறங்கும் பாருங்கள், அந்தக் குளிர்ச்சியோடுதான் நான் ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்தேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருப் பள்ளிக்கூடம் என் தாத்தாவைவிட வயதில் மூத்தது. நெசவுக்காரர்கள் நாலு பேர் கூடி, தறிக்கொட்டகை ஒன்றை விட்டுக்கொடுத்து ஆரம்பித்ததாம். தறிக்குழியைச் சரியாக மூடாததால் ஒன்றாம் வகுப்புத் தரை மட்டும் பள்ளமாக இருக்கும், அதற்குப் பெயரே "குழி கிளாஸ்". அதில் உட்கார நான் ஏங்கிய ஏக்கம் இருக்கிறதே, அப்பப்பா!

அந்த வருஷம் பள்ளியில் ஒரு பிள்ளை குறைந்தது. அந்த ஒன்று சேராவிட்டால் இரண்டாம் ஆசிரியையான சின்ன டீச்சரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள் என்று தெருவே பேசியது. அழுகிற பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே வாய்ப்பாடு சொல்லித்தருகிறவரை யார்தான் விடுவார்கள்? தெருவில் இன்னும் பள்ளியில் சேராமல் மிச்சமிருந்தவள் நான் ஒருத்திதான். பிறப்புச் சான்றிதழெல்லாம் அப்போது யாரிடம் இருந்தது? வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தலைமையாசிரியரான பெரிய சாருக்கு அதுதான் சட்டம்.

விஜயதசமியன்று அம்மா செய்த காரியத்தைக் கேளுங்கள். பள்ளியில் சேர்க்கிற நாளாயிற்றே என்று பட்டுப்பாவாடை கட்டி, உச்சந்தலையில் கனகாம்பரத்தைக் கோபுரமாக அடுக்கி என்னைக் கூட்டிப்போனாள். கை எங்கே எட்டும்! பூவை எடுத்தார்கள், சடையைப் பிரித்தார்கள், அப்போதும் நகத்தளவு குறைந்தது. மெல்லத் தலையைச் சாய்த்துப் பார்த்தேன்.

"சாய்க்காதம்மா, நேரா நில்லு. எட்டலியே! நாளைக்கு ஆபீசுக்குப் புள்ளைங்க லிஸ்ட் போவுது, நான் என்னா பண்ண?" என்றார் பெரிய சார்.

சின்ன டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தறியைப் போட்டுவிட்டு ஓடிவந்திருந்த அப்பா என் தலையைத் தடவிப் பார்த்தார்.

"முடிதான் சார் தடுக்குது. கோயில்ல எறக்குறதா வேண்டிக்கினு இருக்கறோம், இன்னிக்கே எறக்கிடறேன்."

"அய்யய்யோ, பொம்பளப் புள்ளைங்க!" என்று அம்மா பதறினாள்.

"எடுத்துடுப்பா!" என்று கத்தியது நான்தான்.

மறுநாள் காலை சந்தனத் தலையோடு போய் நின்றேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை வளைத்தேன். நடுவிரல் நுனி காதில் பட்டதோ இல்லையோ, வாசலில் கூடியிருந்த பெண்கள் "தொட்டுச்சி! தொட்டுச்சி!" என்று கூவினார்கள். பெரிய சார் குனிந்து உற்றுப்பார்த்து, "தொடுது" என்றார். சின்ன டீச்சர் என்னைத் தூக்கிச் சுற்றிய சுற்றில் அவர் புடவையெல்லாம் சந்தனம்.

போன மாதம் அந்தப் பள்ளியில் ஆண்டுவிழா. கொட்டகை போய் மாடிக் கட்டடம் வந்துவிட்டது. சமமான தரையில் டைல்ஸ் பளபளக்கிறது. சேர்க்கைக்கு ஆதார் அட்டை கேட்கிறார்கள், காதை யாரும் கேட்பதில்லை. இப்போதைய தலைமையாசிரியை மேடையில் பள்ளியின் வரலாற்றை வாசித்தார்: "அவ்வாண்டு மாணவர் எண்ணிக்கை குறையாததால் இரண்டாம் ஆசிரியை ஓய்வுபெறும் வரை இங்கேயே பணியாற்றினார்." அவ்வளவுதான், அடுத்த வரிக்குப் போய்விட்டார். எனக்குப் பொறுக்குமா? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, அத்தனை பேர் நடுவில் சத்தமாகச் சொன்னேன்:

"குறையாம இருந்ததுக்குக் காரணம் நான்தாம்மா!"