பெரிய தொட்டியில் ஒரு குடம் மஞ்சள் நீர்

பெண் பார்க்க வந்தவர்களைக் கூடத்தில் உட்கார வைத்துவிட்டுத் தவளை பார்க்கப் போனவள் என் அக்கா சிவகாமசுந்தரி. எங்கள் ஊர் கஜா பெராங்கில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரிக்கட்டும். சிங்கப்பூர் போய் விலங்கியல் பட்டம் வாங்கி வந்தவள் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான்.

நாடு சுதந்திரம் அடைந்து மூன்றாம் வருடம், பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்துகொண்டே, கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தாள். சொந்தமாகச் செய்த ஆய்வு ஒன்றையும் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். மரத்தவளை, தண்ணீருக்கு மேலே நுரை கட்டி அதற்குள் முட்டையிடும்; பொரிந்த தலைப்பிரட்டைகள் கீழே தண்ணீரில் விழும். அக்கா வீட்டுக்குப் பின்னால் தகரத் தொட்டிகள் வைத்து அவற்றைத்தான் வளர்த்தாள். தினமும் அளந்து படம் வரைவாள்.

அக்காவுக்கு இடம் கிடைக்க வேண்டும் என்று அம்மா பொன்னம்மா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு காப்புக் கட்டினார். காப்புக் கட்டியவர் ஓர் உயிருக்கும் தீங்கு செய்யக்கூடாது. எறும்பைக் கண்டால்கூட நாங்கள் சுற்றிப் போனோம்.

ஒரு நாள் அக்கா பள்ளியில் இருந்தபோது, அம்மா கோயில் மஞ்சள் நீரை வீடெல்லாம் தெளித்தார். தலைப்பிரட்டைகள் மகளைப் படிக்க வைக்கும் ஜீவன்களாயிற்றே, அவற்றுக்கும் அம்மன் அருள் வேண்டாமா? தெளித்தது போதாதென்று மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, பெரிய தொட்டியில் ஒரு குடம் ஊற்றிவிட்டார். மாலைக்குள் தலைப்பிரட்டைகள் எல்லாம் செத்து மிதந்தன.

"காப்புக் கட்டின கையால கொன்னுட்டேனே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அக்கா தொட்டியருகே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள்.

"மத்த தொட்டிங்க நல்லாத்தானே இருக்கு? அதை மட்டும் எழுதி அனுப்புக்கா," என்றேன்.

அம்மா கெஞ்சினார். "நான் செஞ்சதை எழுதாதேம்மா. பெரிய படிப்பு படிச்சவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நடந்ததைத்தான் எழுதுறேன்மா. உங்களைத் திட்டி எழுதல."

அம்மா சில நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கும் கோபம்தான். கைக்கு வரும் இடத்தை இவளே கெடுத்துக்கொள்கிறாளே!

நேர்முகத் தேர்வில் வெள்ளைக்காரப் பேராசிரியர் சரியாக அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினாராம். தலைப்பிரட்டைகள் செத்த அதே தொட்டிக்கு மேலே, மஞ்சள் நீர் பட்ட நுரைக்குள் இருந்த முட்டைகள் மட்டும் பிழைத்துக்கொண்டன. அக்கா அவற்றை நல்ல தண்ணீருக்கு மாற்றிப் பொரிய வைத்திருந்தாள்; அதையும் அதே பக்கத்தில் எழுதியிருந்தாள்.

"இதை மறைத்திருக்கலாமே?" என்று கேட்டாராம்.

"செத்தது உண்மையாயிற்றே."

"சரி, முட்டைகள் ஏன் சாகவில்லை?"

"தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் இடம் கேட்கிறேன்."

இடம் கிடைத்தது. செய்தி வந்த அன்று எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. என் அக்கா! தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் விசாரிக்க வந்தார்.

"வயசு ஏறிக்கிட்டே போகுது. தவளையைப் படிச்சு இவ என்னலா செய்யப் போறா?"

அம்மா அக்காவின் தோளில் கை வைத்தார்.

"என்ன செய்வாளோ, அது எனக்குத் தெரியாது. பெத்த தாய் கெஞ்சியும் ஒரு பொய் எழுதல. அப்படி ஒரு பிள்ளையைப் பெத்தவ நான்."