நிரம்பியே திரும்பிய பாட்டில்

தங்கச் சுரங்க ஊரான எங்கள் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் எதிர்வீட்டு அக்கா கொண்டுவரும் பச்சைத் தண்ணீர் பாட்டில், காலையில் எப்படி நிரம்பியிருந்ததோ, பெங்களூரிலிருந்து திரும்பும்போதும் அப்படியே இருக்கும். லேடீஸ் பெட்டியில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான். கூட்டத்தைத் தாண்டி கக்கூஸ் வரை போக முடியாது. போனாலும் கதவு சாத்தாது. தண்ணீர் குடிக்காமலிருப்பதுதான் எங்கள் பயணச் சாமர்த்தியம்.

அதனால், அக்காவுக்கு நீர்க்கடுப்பு வந்தபோது யாருக்கும் வேறு சந்தேகமே வரவில்லை. "அடக்கி வச்சிக்கினே போனா எரியாம இன்னா பண்ணும்?" என்போம். பார்லி கஞ்சி, மாத்திரை, கொஞ்ச நாள் நிம்மதி, மறுபடி எரிச்சல். வருஷக்கணக்கில் இப்படியே போனது. தையல் கம்பெனியில் அடிக்கடி எழுந்து போகிறாள் என்று சூப்பர்வைசர் முறைத்தால், "என் மூத்திரப்பைக்கு மட்டும் தனி ஷிஃப்ட்டு போட்டுக்கீறாங்க சார்" என்பாளாம். அந்தப் பேச்சைக் கேட்கவே நான் அவள் பக்கத்தில் இடம் பிடிப்பேன்.

ஒருநாள் சிறுநீரில் ரத்தம் வந்தது. எக்ஸ்ரேயில் மூத்திரப்பைக்குள் ஒரு கல். கல்லுக்கு நடுவே கருத்தடைக்குப் போடும் காப்பர்-டி. இரண்டாவது மகள் பிறந்தபின் போட்டுக்கொண்டது, கருப்பையைத் துளைத்து நகர்ந்து அங்கே போய்த் தங்கியிருந்தது. முன்பு பரிசோதனைக்குப் போனபோது, "காப்பர்-டி நூலக் காணோம்மா, தானா விழுந்திருக்கும்" என்று நர்சு சொன்னதை அக்கா நம்பிவிட்டிருந்தாள்.

எடுத்தபிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னாள்: "என் மாமனாரு சுரங்க ஷாஃப்ட்ல எறங்கி கல்ல ஒடச்சி தங்கம் எடுத்தாரு. என் கல்ல ஒடச்சா செம்புதான் வந்துது." சிரித்தோம். ஆனால் ஒரு பக்கக் கிட்னி சுருங்கிப்போயிருந்தது. அது இனித் தேறாது என்றார் டாக்டர். அவர் போனதும் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

போன வாரம் வண்டியில், புதிதாக வேலைக்கு வரும் ஒரு பெண், தன் காப்பர்-டி நூல் தட்டுப்படவில்லை, விழுந்திருக்குமாம் என்று சாதாரணமாகச் சொன்னாள்.

"விழுந்தத நீ கண்ணால பாத்தியா?" என்றாள் அக்கா.

"இல்லக்கா."

"அப்ப உள்ளதான் கீது. பங்காருப்பேட்டையில எறங்கு, நானும் வர்றேன். ஸ்கேன் எடுத்துட்டுதான் மத்த பேச்சு."

"சூப்பர்வைசர் கத்துவாருக்கா."

"கத்தட்டும். எனக்குக் கத்தாத கத்தா?" அக்கா பச்சை பாட்டிலைத் திறந்து அவள் கையில் திணித்தாள். "குடி. ஸ்கேனுக்கு மூத்திரம் முட்டணும்."

பழக்கம் விடுமா? அந்தப் பெண் ஒரு வாய் மட்டும் குடித்துவிட்டு மூடியைக் கேட்டாள். பாட்டில் காலியாகும்வரை அக்கா அதைத் தரவில்லை.