ஒயருக்குள் நடக்கும் காற்று

என் அண்ணன் இறந்து பதினோரு நாள்கூட ஆகவில்லை. வானியல் சங்கத் தலைவர் வீட்டுக்கு வந்து, "இரங்கல் கூட்டத்துல மேசைமேல வைக்கணும்மா" என்று சொல்லி அவன் செய்த கேமராவையும் அவனுடைய நோட்டையும் வாங்கிப் போனார். இரண்டும் திரும்பி வந்தபோது கேமராவின் நான்கு திருகுகளிலும் சிராய்ப்பு இருந்தது. மேடையில் கண் கலங்கிப் பேசிவிட்டுப் பின்னறையில் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்.

அண்ணன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கதவு கழற்றிய ஃபிரிட்ஜ்களுக்கு நடுவே ஒருக்களித்து நடக்கிற அளவுதான் கடை. தெருவில் அவனுக்குப் பெயர் ஐஸ்பெட்டி. சங்கத்தின் தண்ணீர் கூலரைப் பழுதுபார்க்கப் போனவன், அங்கே தொலைநோக்கியில் ஒருமுறை கண்ணை வைத்தான். அதோடு சரி, பன்னிரண்டு வருடம் அங்கேயே கிடந்தான். "ஐஸ்பெட்டி, அந்த முக்காலியைத் தூக்கு" என்பார்கள். சிரித்துக்கொண்டே தூக்குவான்.

தலைவரிடம் வெளிநாட்டிலிருந்து வந்த குளிரூட்டும் கேமரா ஒன்று இருந்தது. அண்ணன் அருகில் போனால், "பார்த்து, உன் கடையை வித்தாலும் வராது" என்பார். மங்கலான நட்சத்திரங்களைப் படமெடுக்கப் பல நிமிடம் கேமராவைத் திறந்தே வைக்க வேண்டும். அதற்குள் படத்தைப் பதியும் சென்சார் சூடேறி, கொசு மொய்த்ததுபோலப் படமெங்கும் புள்ளி விழும். குளிர வைத்தால் விழாது.

"உள்ள என்ன இருக்குன்னு நினைக்கிறே? குட்டி ஃபிரிட்ஜ். என் தொழில்தான் அது" என்றான் வீட்டுக்கு வந்து.

மறுவாரம் திரை உடைந்த பழைய கேமரா ஒன்றைத் தேடிப் பிடித்து, சாப்பாட்டு மேசையில் அக்கக்காகப் பிரித்தான்.

"இது வீடா, கசாப்புக் கடையா?" என்றேன்.

"கசாப்புக் கடையில உயிரோட இருக்கிறதை வெட்டுவாங்க. இது செத்தது. நான் எழுப்பப் போறேன்."

மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சுடும் சின்னத் தகட்டைத் தண்ணீர் கூலரிலிருந்து எடுத்தான். குளிர்ந்த பக்கத்தைச் செம்புத் துண்டு வழியாகச் சென்சாரின் முதுகில் பொருத்தினான். சுடும் பக்கத்துக்குக் கம்ப்யூட்டர் விசிறி. எல்லாம் ஒரு அலுமினியப் பெட்டிக்குள். முழுச் செலவும் ஒரு பழைய சைக்கிள் விலை.

ஆனால் பனி பிடித்தது. சரியாக மூன்றாவது மணி நேரத்தில், சென்சாரின் இடது ஓரத்தில், ஒயர் உள்ளே நுழைகிற பக்கத்தில் வெள்ளையாகப் பூக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லை வறுத்து வறுத்து உள்ளே வைத்தான். ரப்பர் வளையத்தை மாற்றினான், கண்ணாடியை மாற்றினான். ஏழு மாதம். என் வாணலி ஒன்று போயிற்று.

ஒரு காலையில் ஐந்து மணிக்கு என்னை எழுப்பி அடுப்படிக்கு இழுத்துப் போனான். ஒரு ஒயரின் நுனி தண்ணீர் டம்ளரில் கிடந்தது. மறுநுனி சைக்கிள் பம்பின் குழாயில். அழுத்தினான். டம்ளரில் குமிழி வந்தது.

"மேலுறைக்கும் கம்பி இழைக்கும் நடுவுல ஈரக் காத்து நடந்து வருதுடி. நான் வாசலைப் பூட்டிக்கிட்டே இருக்கேன், திருடன் ஒயருக்குள்ளயே வர்றான்."

"இந்தக் குப்பைக்கா என்னை எழுப்பினே?" என்று கேட்டேன். கேட்டது நான்தான். தலைவரை மட்டும் சொல்லிப் பயனில்லை.

அந்த ஓட்டையை அவன் அடைத்தபோது விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான்தான். அதன் பிறகு பனி பிடிக்கவில்லை. செய்முறையை நோட்டில் எழுத ஆரம்பித்தான். முதல் பக்கத்தில், 'யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். விற்கக் கூடாது' என்று இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் 'ஒயர்' என்ற தலைப்பு மட்டும். அதை எழுதிய மறுநாள் கடையில் கம்ப்ரசரைத் தூக்கியவன் அப்படியே சாய்ந்துவிட்டான்.

போன மாதம் சங்கத்திலிருந்து எனக்கும் ஒரு அறிவிப்பு வந்தது. தலைவர் தன் பெயரிலேயே 'குறைந்த விலை' கேமரா கொண்டுவருகிறாராம், முன்பதிவு நடக்கிறதாம். விலை அண்ணன் செலவழித்ததைப்போல எட்டு மடங்கு. படத்தில் இருந்தது அண்ணன் செய்த பெட்டி. ஓரத்தில் அவன் அரம் வழுக்கிய கீறல்கூட அப்படியே இருந்தது.

நேற்று அவரே போன் செய்தார்.

"ஒரு சின்ன சந்தேகம்மா. பனி பிடிக்காம இருக்க அண்ணன் என்ன பண்ணார்?"

"நோட்டுல இல்லையா சார்?"

"எல்லாம் இருக்கு. ஆனா மூணு மணி நேரத்துல பூத்துடுது. பணம் கட்டினவங்க நச்சரிக்கிறாங்க. உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருப்பாரே."

"முக்காலி தூக்கினவன் சார் அவன். அவனுக்கு என்ன தெரியும்?"

குரலைக் குழைத்துக்கொண்டு, "வேணும்னா அவர் பேரையும் போட்டுடலாம்மா. பின்பக்கம், கீழ் மூலையில, சின்னதா" என்றார்.

வைத்துவிட்டேன். போனைத் துணியால் துடைத்தேன். அவர் எச்சில் அதில் பட வழியில்லை என்று தெரியும். இருந்தும் இரண்டு முறை துடைத்தேன்.

நான் வாயைத் திறக்காவிட்டால் தலைவரின் பெட்டிகள் பனி பூத்து நாறும். அதைப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் அண்ணனின் பெட்டியை இனி யாராலும் செய்ய முடியாமல் போகும். அவருக்கு மட்டும் சொன்னால் கீழ் மூலையில் ஒரு பெயர். அதனால் நோட்டின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். சங்கத்து ஆட்கள், முன்பதிவு செய்தவர்கள், எனக்குத் தெரிந்த பள்ளிகள், எல்லோருக்கும் போகிறது. தலைவருக்கும்தான். விடுபட்ட கடைசிப் பக்கம் இது:

ஒயர். பெட்டிச் சுவரைத் தாண்டும் இடத்தில் ஒரு விரற்கடை நீளத்துக்கு மேலுறையை உரியுங்கள். கம்பி இழைகளைப் பிரித்து, உருக்கிய ஈயம் இழைகளுக்கு நடுவே முழுக்க ஊறும்படி விடுங்கள். மேலே பூசினால் போதாது. அந்த இடத்தைத் துளைக்குள் வைத்து, இரண்டு டியூப் கலந்து ஒட்டும் பசையால் நிரப்புங்கள். ஒரு நாள் காயட்டும், அவசரப்படாதீர்கள். பிறகு சைக்கிள் பம்பையும் தண்ணீர் டம்ளரையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். ஒரு குமிழிகூட வரக் கூடாது.