பள்ளத்தில் ஊற்றிய சேறு

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் சாலையில் போகிறேன். கைவிட்ட கிரானைட் குவாரிக்குப் பிரியும் மண்பாதையில் ஒரு டேங்கர் லாரி நிற்கிறது. அதன் முன்னால் மண்வெட்டியோடு ஒரு பெண் மறித்து நிற்கிறார். பைக்கை நிறுத்துகிறேன்.

லாரியில் இருப்பது கல் அறுக்கும் ஆலையின் கழிவுச் சேறு. குவாரிப் பள்ளம் ஏற்கெனவே அதனால் பாதி நிறைந்து வெளுத்துக் கிடக்கிறது. பக்கத்து வயலில்தான் அந்தப் பெண்ணின் கிணறு.

"வழிய விடுக்கா. ஓனரு சொன்னதத்தான் செய்றேன்," என்கிறார் டிரைவர்.

"கெணத்துக்கு ஓனரு நாந்தேன். நான் சொல்றேன், திருப்புய்யா வண்டிய!"

மோட்டார் போட்டால் வெள்ளைக் கலங்கலாக வருகிறதாம், மாடுகூட வாய் வைப்பதில்லையாம். எத்தனையோ மனு கொடுத்தும் ஒரு அதிகாரிகூட எட்டிப் பார்க்கவில்லை என்கிறார். எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. பைக்கைப் பாதையின் குறுக்கே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் போய் நிற்கிறேன்.

டிரைவர் யாரிடமோ போனில் பேசுகிறார். பிறகு லாரி பின்னோக்கி நகர்ந்து, சாலையேறிப் போய்விடுகிறது.

"போயிட்டான்க்கா," என்கிறேன்.

அவர் முகத்தில் சிரிப்பில்லை.

"இவன் போயிட்டான் தம்பி. உள்ள ஊத்துன அம்புட்டையும் யாரு அள்ளுவா? அது கீழ எறங்கிக்கிட்டேல்ல இருக்கு."