பாத்ரூமில் விழுந்தவள்

லாரி என் கால் மேல் ஏறிய பத்தாம் நாள் ஒரு பெண்மணி என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். கப்பல் வந்து நிற்கிற ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் என் கணவரோடு சரக்கு புக்கிங்கில் வேலை பார்ப்பவரின் மனைவி. ஆப்பிள், பிஸ்கட் என்று நோயாளி வீட்டுக்கு எல்லோரும் கொண்டுவருகிற சாமான்களோடு பச்சை நிறத்தில் ஒரு ரப்பர் மேட்டும் கொண்டுவந்திருந்தார். பாத்ரூமில் போட்டுக்கொள்ளச் சொன்னார். இந்தத் தீவின் மழைக்கு டைல்ஸ் பாசி பிடிக்கத்தான் செய்யும், இனிமேலாவது ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்று புத்தியும் சொன்னார். எங்கள் பாத்ரூமில் டைல்ஸே கிடையாது, சொரசொரப்பான சிமெண்ட் தரை. இருந்தாலும் அன்பாகக் கொடுத்ததை மறுப்பானேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகுதான் மண்டையில் உறைத்தது. ரோட்டில் அடிபட்டவளுக்கு எதற்குப் பாத்ரூம் மேட்?

கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல் வைத்தபடியே எட்டி, அலமாரியிலிருந்து ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்தேன். நான் பிளஸ் டூ வரை படித்தவள். தையல்காரி என்பதால் எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று பலர் நினைத்துக்கொள்வார்கள். முதல் பக்கத்திலேயே, டாக்டர் கையெழுத்தாக இருந்தும் ஒரு வரி தெளிவாகவே இருந்தது. வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக நோயாளியின் கணவர் தெரிவித்தார் என்று எழுதியிருந்தது.

நடந்தது இதுதான். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், யூனிஃபார்ம் வேலை தலைக்கு மேல் கிடந்தது. காலை பத்து மணிக்கு ஜிப் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் டாலிகஞ்ச் திருப்பத்தில் வந்துகொண்டிருந்தேன். ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று ஹாரனும் அடிக்காமல் பின்னால் வந்தது. என்னைத் தட்டிவிட்டு, விழுந்த என் வலது பாதத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி நின்றது. டீக்கடைக்காரர் ஓடிவந்து கத்திய பிறகுதான் டிரைவர் வண்டியை முன்னால் எடுத்தார். என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டது அந்த டீக்கடைக்காரர். ஆஸ்பத்திரியில் வலிக்கு ஊசி போட்டார்கள், எனக்குக் கண் செருகிவிட்டது. அதற்குள் என் கணவர் வந்து சேர்ந்தார். எப்படி அடிபட்டது என்று டாக்டர் அவரிடம்தான் கேட்டிருக்கிறார்.

அன்று மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபைலை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நம்ம ஆள்தான் ஓட்டிக்கிட்டு வந்தான். போலீஸ், கேஸுன்னு போனா அவன் ரோஜி போயிரும்" என்றார். ரோஜி என்றால் பிழைப்பு. இந்தத் தீவில் எந்தத் தமிழன் வாயிலும் பாதி ஹிந்திதான் வரும்.

அந்த டிரைவரும் என் கணவரும் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர்களின் ஒரே வரிசை வீட்டில், பிறந்தவர்கள். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரே கப்பலில் அனுப்பப்பட்டவர்கள். சுனாமிக்குப் பிறகு முகாமில் இரண்டு குடும்பமும் ஒரே தகரக் கொட்டகையில் இருந்திருக்கிறது. அவர்களுக்குள் என்ன தகராறு வந்தாலும் ஒருவர் மேல் ஒருவர் போலீசுக்குப் போகமாட்டார்கள். போனவன் வீட்டுச் சாவுக்குக்கூட யாரும் வரமாட்டார்கள். அடித்தவன் வீட்டுக்காரி சமைத்து எடுத்துக்கொண்டு வருவாள், அடிபட்டவன் சாப்பிடுவான், அதோடு விஷயம் முடிந்தது. நான் ராமநாதபுரத்துக்காரி. இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது. அந்த டிரைவரின் மனைவி பத்து நாளாக மீன் குழம்பு கொண்டுவந்தபோது, எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்து ரசித்துச் சாப்பிட்டிருக்கிறேன். ரசீதில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன் என்று யார் கண்டது!

கட்டைப் பிரித்தபோது குதிகால் தரையைத் தொடவில்லை. மேல்நோக்கி இழுத்துக்கொண்டு நின்றது. இன்னொரு ஆபரேஷன் செய்தால் இறங்கும், அதற்கு மெயின்லாண்ட் போகவேண்டும், சென்னையில் செய்யலாம் என்றார்கள். குதிகால் இறங்காவிட்டால் மோட்டார் மிஷினின் பெடலை அழுத்த முடியாது. இடது காலால் அழுத்திப் பார்த்தேன். தைத்த பாவாடையின் ஓரம் பாம்பு மாதிரி நெளிந்தது, பிரித்துப் போட்டேன். இருபது வருஷத் தொழில் அந்தக் குதிகாலில் தொங்கியது. சென்னை ஆபரேஷனுக்கு எங்களிடம் பணமில்லை. நஷ்ட ஈடு வழக்கு ஒன்றுதான் வழி.

போலீசுக்குப் போனேன். வாக்கரை ஊன்றிக்கொண்டு, தனியாக. கணவர் வாசல்வரை வந்து, ஜெட்டியில் வேலை இருக்கிறது என்று நழுவிவிட்டார். அங்கே இருந்தவர் ஃபைலைப் படித்தார், என் காலைப் பார்த்தார், மறுபடி ஃபைலைப் படித்தார். பாத்ரூமுக்குள் டிப்பர் எப்படி வந்தது என்று ஹிந்தியில் கேட்டார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் வாக்கரை அவர் மேஜை மேலேயே வைத்தேன். பேசாமல் சம்ஜௌதா, அதாவது சமாதானம், செய்துகொள்ளுங்கள், எல்லோரும் இங்கேயே இருக்கப்போகிறவர்கள்தானே என்றார். மூன்று முறை நடந்த பிறகு புகாரைப் பதிவு செய்தார்கள். ஆஸ்பத்திரியிலோ அந்த வரியை மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சொன்னதைத்தானே எழுதினோம் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

முதலில் பிடித்த வக்கீலைப் பற்றி எழுதினால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். சுருக்கமாகச் சொல்கிறேன். போனபோதெல்லாம் அவர் மெயின்லாண்டில் இருந்தார். துர்கா பூஜைக்குக் கல்கத்தா போனவர், காளி பூஜையையும் முடித்துக்கொண்டுதான் வந்தார். வந்ததும் ஃபைலைக் காணவில்லை என்றார். வழக்குப் போட ஆறு மாதம்தான் கெடு என்பதையே கோர்ட் வளாகத்து ஜெராக்ஸ் கடைக்காரர் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். பெண்களுக்குக் கட்டணம் இல்லாமலே வக்கீல் கொடுப்பார்கள், அதோ அந்த அறைக்குப் போங்கள் என்று கை காட்டியதும் அவர்தான்.

அந்த அறையில் எனக்குக் கிடைத்தவர் ஒரு தெலுங்குப் பெண் வக்கீல். என்னிடம் உடைந்த தமிழிலும் என் கணவரிடம் ஹிந்தியிலும் பேசுவார். ஃபைலைப் படித்து முடித்ததும் கணவரை அழைத்துவரச் சொன்னார். அழைத்துப்போனேன். யாரைக் காப்பாற்ற இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டார். டிரைவரை என்றார் இவர். வக்கீல் ஹிந்தியில் அவருக்கு விளக்கினார்:

"லாரிக்கு இன்சூரன்ஸ் இருக்கு. டிரைவருக்கு லைசன்ஸ் இருக்கு. காசு குடுக்கிறது கம்பெனி, டிரைவர் இல்லை. அவனுக்கு ஃபைன் போடுவாங்க, கட்டிட்டுப் போயிருப்பான்."

நான் என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். புதிதாக ஏதோ தெரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினார். ஒருவனுக்கும் ஆபத்தில்லாத இடத்தில் ஒரு பொய்யைச் சொல்லி என் காலை முடக்கிய மனிதர், அங்கே உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து இரண்டு பாத்திரங்களைச் சுவரில் எறிந்தேன். இரண்டும் நெளிந்துபோயின, சுவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது மனு போட்டோம். டீக்கடைக்காரர்தான் கண்ணால் பார்த்த சாட்சி. அவர் அதற்குள் கடையை மூடிவிட்டு மாயாபந்தரில் மச்சான் கடையோடு போய்ச் சேர்ந்திருந்தார். போனில் பேசினேன். காலை பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலம் வந்து சேருவேன், அன்றைக்கு ஜட்ஜ் லீவு என்பார்கள், திரும்பிப் போகவேண்டும், ஆளை விடுங்கள் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு வாய்தாவில் அப்படித்தான் நடந்தது. டிரைவரோ கோர்ட் பக்கமே வரவில்லை. நான் போலீசுக்குப் போன நாளிலிருந்து மீன் குழம்பும் வரவில்லை. கணவரின் சொந்தக்காரர்கள் இரண்டு கல்யாணத்துக்கு எங்களை அழைக்கவில்லை. அதற்கும் என் கணவர் என்னிடம்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஆக, மிச்சம் இருந்த சாட்சி அவர்தான். ஆஸ்பத்திரியில் பொய் சொன்னேன் என்று கூண்டில் ஏறி அவர் வாயால் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் நான் பாத்ரூமில் விழுந்தவள், வழக்கும் இல்லை, ஆபரேஷனும் இல்லை. வக்கீலுக்கு அவர் மேல் நம்பிக்கை இல்லை. எனக்கும் இல்லை. யார் என்ன சொன்னாலும் ஆமாம் போடுகிற மனிதர். ஜெட்டியில் அவருக்கு நல்ல பெயர் இருப்பதே அதனால்தான்.

சாட்சி நாளன்று இஸ்திரி போட்ட சட்டையில் கூண்டில் நின்றார். இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் மெதுவாகப் பேசுகிறவர். முதலில் ஆஸ்பத்திரித் தாளைக் காட்டி, இதை நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார். ஆமாம் என்றார் இவர். படித்த டாக்டரிடம் பொய் சொல்வீர்களா என்றார். நஷ்ட ஈட்டுக்கு ஆசைப்பட்டு இப்போது கதையை மாற்றுகிறீர்கள், இல்லையா என்றார். இவர் ஆமாம் என்று தலையாட்டிவிடுவாரோ என்று பயந்தேன். உங்கள் சொந்த மனைவி வலியில் கிடக்கும்போது, அவளுக்கு எதிராக எந்தப் புருஷனாவது பொய் சொல்வானா என்று கடைசியாகக் கேட்டார்.

என் கணவர் நீதிபதியைப் பார்த்துத் திரும்பினார். ஹிந்தியில்தான் சொன்னார். வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லியிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும்:

"அவன் எங்க லயத்துக்காரன். போலீஸ்னா தாங்கமாட்டான். இவ என் பொண்டாட்டி. இவ தாங்கிக்குவான்னு நெனச்சேன்."

நீதிபதி அதை இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, டைப்பிஸ்ட் அடித்தார். கம்பெனி வக்கீல் வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும் என் வக்கீல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இப்படிப்பட்ட ஒன்றை யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லமுடியாது, எந்த ஜட்ஜும் நம்புவார், இனி கவலையில்லை என்றார். அவர் சொன்ன மாதிரியே ஆயிற்று. அடுத்த மழைக்கு முன்னால் தீர்ப்பு வந்தது. கப்பலில் போய் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தேன். இப்போது குதிகால் பெடலில் உட்காருகிறது, குளிர்ந்த காற்று அடித்தால் மட்டும் வலிக்கும்.

சாட்சி சொன்ன அன்று ஆட்டோவில் வீடு திரும்பினோம். பாதித் தூரம் போயிருப்போம். அவர் பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் மாதிரி என் பக்கம் திரும்பி, "சரியாச் சொன்னேனா?" என்று கேட்டார்.

இரண்டு வருஷமாக எந்த உண்மையைச் சொல்லச் சொல்லி இந்த மனிதரோடு மல்லுக்கு நின்றேனோ, அதைவிடப் பெரிய உண்மையைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சொன்னது என்னவென்று அவருக்கே தெரியவில்லை.

"சரியாத்தான் சொன்னீங்க" என்றேன்.