உப்பு வைத்த சுருட்டுப் பெட்டி

நம் வீட்டுப் பரண்மேல் இருக்கும் தேக்குப் பெட்டியில் ஏன் எதையும் வைக்க விடுவதில்லை என்று நீங்கள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கிறேன். நீங்கள் எல்லோரும் வளர்ந்துவிட்டீர்கள், அதனால் இப்போது எழுதிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஜவ்வாது மலைமேல் ஓர் அரசு பங்களாவில் தினக்கூலிக்குக் காவல் இருந்தேன். என்னோடு இன்னொருவனும் இருந்தான். ஒரே சட்டியில் சாமைச் சோறு ஆக்கித் தின்றோம். மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எங்கள் இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரம் செய்வார்கள் என்று போளூர் ஆபீசிலிருந்து தகவல் வந்திருந்தது. உங்களில் மூத்தவள் அப்போது அம்மா வயிற்றில் இருந்தாள். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பங்களாவில் வந்து தங்கும் இஞ்சினியர் ஒருவர் சுருட்டுப் பிரியர். வெளிநாட்டிலிருக்கும் அவர் தம்பி அனுப்பும் சுருட்டு அது. ஒவ்வொன்றின் இடுப்பிலும் சிவப்புக் காகித மோதிரம் இருக்கும். கீழே வெயிலில் காய்ந்து வெடித்துப் போகிறது, மலைக் குளிர்ச்சியில் நிற்கும் என்று ஒரு கட்டுச் சுருட்டை என்னிடம் கொடுத்தார்.

"வேற கை படக் கூடாதுப்பா. நல்லா வெச்சிருந்தீன்னா உன் வேலைக்கு நானே எழுதறேன்" என்றார்.

நான் படித்தது எட்டாவது. ஆனால் சொன்ன வேலையை மனசு வைத்துச் செய்வேன். எங்கள் மலையில் உயர்ந்த மரம் என்றால் சந்தனம்தான். அதனால் ஆபீஸ் முத்திரை போட்ட பழைய சந்தனப் பேழை ஒன்று பங்களாவில் கிடந்ததைத் துடைத்து அதில் வைத்தேன். அடுத்த முறை வந்தவர் ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, இதைப் பிடிக்கிறதா, சாமிக்குக் காட்டுகிறதா என்று கேட்டுச் சிரித்தார். சுருட்டு பக்கத்திலிருக்கும் வாசனையையெல்லாம் குடித்துவிடுமாம். வாசனை இல்லாத, நன்றாக உலர்ந்த மரம்தான் வேண்டும் என்றார்.

பழைய ரிஜிஸ்தர் வைத்திருந்த தேக்குப் பெட்டியை எடுத்தேன். மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்க, ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து மூடி இழுத்தேன். வழுக்கிக்கொண்டு வந்தால் காற்று புகும் என்று அர்த்தம். வரவில்லை. காய்ந்த மரம் சுருட்டின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், நாலு நாள் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து மூடிவைத்தேன். பிறகு ஒரு கிண்ணத்தில் கல்லுப்பைப் போட்டு, தண்ணீர் தெளித்துச் சேறு மாதிரி ஆக்கி மூலையில் வைத்தேன். மழைக்காலத்தில் உப்புச் சாடி தானாகக் கசிவதைப் பார்த்து எனக்குத் தோன்றிய யோசனை அது. ஈரம் அதிகமானால் உப்பு இழுத்துக்கொண்டது, குறைந்தால் விட்டது. அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோகாமல், வெயில் படாத வடக்கு அறையில் வைத்தேன். வாரம் ஒருமுறை திறந்து, மேல்வரிசையைக் கீழேயும் கீழ்வரிசையை மேலேயும் மாற்றுவேன். திறக்கும்போது வரும் அந்த மணம், ஈர மண்ணும் காய்ந்த அத்திப்பழமும் கலந்த மாதிரி, என் மூக்கில் ஏறிப்போய்விட்டது.

உங்கள் அம்மாவைப் பிரசவத்துக்குச் சந்தவாசலுக்கு அழைத்துப்போக வேண்டியிருந்தது. பதினைந்து நாள். உப்பு காய்ந்துவிடுமே என்ற கவலையில் பெட்டிச் சாவியை மச்சானிடம் கொடுத்தேன். வேற கை படக் கூடாது என்ற வார்த்தையை நான்தான் மீறினேன். அதை மறைக்கவில்லை. கிண்ணத்தில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்று பக்கத்தில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தேன்.

"போய்ட்டு வா மச்சான், புள்ளையப் பாரு. இத நான் பாத்துக்கறேன்" என்றான்.

நான் திரும்பிய அன்றைக்கே இஞ்சினியரும் வந்துவிட்டார். மேல்வரிசை சரியாக இருந்தது. கீழ்வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துப் பற்றவைத்தவர் இருமினார். மோதிரம் சிவப்புத்தான். உள்ளே இருந்தது சந்தையில் கட்டாக விற்கும் நாட்டுச் சுருட்டு. நூல் கட்டியிருந்த தடம்கூட நுனியில் தெரிந்தது. கீழ்வரிசை முழுக்க அப்படித்தான்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மச்சானைப் பார்த்தேன். சாவி தன்னிடம் இருந்தது என்று அவனே சொல்லிவிடுவான் என்று ஒரு நிமிஷம் காத்திருந்தேன்.

"எனக்கு இன்னாங்க தெரியும்? அந்தப் பொட்டிகிட்ட அவன் யாரையும் வுடமாட்டானுங்க" என்றான்.

சாவியை இவனிடம் கொடுத்தேன் என்று நான் சொன்னால் அதுவும் என் குற்றம்தான். இஞ்சினியர் திட்டவில்லை. "இந்தப் பொட்டி என் கண்ணுல படக் கூடாது, எடுத்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னார்.

இவ்வளவுக்குப் பிறகும் அவனுக்காக நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். பீடிகூடப் பிடிக்காதவன், ஆசைக்கு ஒன்று பிடித்துப் பார்த்திருப்பான், பிறகு பயத்தில் எதையோ செய்திருப்பான் என்று.

ஒரு மாதம் கழித்து, வேலை என்ன ஆயிற்று என்று கேட்கப் போளூர் ஆபீசுக்குப் போனேன். ஹெட் கிளார்க்கின் அறைக் கதவைத் திறந்ததும் அந்த மணம் வந்தது. ஈர மண், அத்திப்பழம். அவர் விரலிடுக்கில் புகைந்துகொண்டிருந்தது.

உத்தரவு போனவாரமே போட்டாச்சு, உன் கூட்டாளி பேருக்கு, என்றார். பிறகு நல்ல மனசோடுதான் சுருட்டைத் தூக்கிக் காட்டினார்.

"அவன் குடுத்ததுதான்யா இது. எப்டி பதமா வெச்சிருக்கான் பாரு. இந்த மாதிரி பொறுப்பான ஆளுதான்யா பங்களாவுக்கு வேணும்."

"உப்பு வெக்கணுங்க" என்றேன்.

"இன்னாது?"

"ஒண்ணுமில்லீங்க."

பெட்டியைச் சந்தவாசலுக்குக் கொண்டுவந்தேன். அம்மா அதில் குழந்தைத் துணி வைக்கிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். இத்தனை வருஷத்தில் மூடி கொஞ்சமும் தளரவில்லை. போன மாதம்கூடக் காகிதம் வைத்து இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.