உடம்பில கிடந்த இரும்பு

நான் பெரிய வாய்க்காரி. அக்கராயன் ஊர் முழுக்க அறியும். அந்த வாய் ஒருநாள் குளத்தடியில கதைச்சுக்கொண்டு நிக்கேக்க சடாரெண்டு நிண்டுபோச்சு. சொல்ல வேண்டியது தலைக்குள்ள கிடக்கு, நாக்குக்கு வரேல்லை. பிறகு அது மாசத்தில ரெண்டு மூண்டு தரம் வந்தது.

எங்கட பக்கம் தலையைப் படமெடுக்கிற மெசின் கிடையாது. அண்ணர் வன்னியை விட்டு வெளியில போறதுக்கு ஆமி குடுக்கிற பாஸுக்கு அலைஞ்சு, வவுனியா தாண்டிக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூளையில கட்டி எண்டார் டொக்டர். பேச்சு வாற இடத்துக்குப் பக்கத்திலயாம். வெட்டினால் பேச்சும் போகலாமாம்.

"வெட்ட முதல் வேற ஒரு ஸ்கான் எடுப்பம். நீங்கள் சொல்லுகளை நினைக்கேக்க மூளையில எந்த இடத்துக்கு ஒட்சிசனோட இரத்தம் கூடப் போகுதெண்டு மெசின் காட்டும். அந்த இடத்தைத் தொடாமல் வெட்டலாம்."

பேச்சில்லாமல் நான் இருக்கிறதோ? ஐயோ, அதுக்குச் செத்துப்போகலாம்.

ஸ்கான் அறை வாசலில வேலை செய்யிற பிள்ளை தாளோட வந்து, "உடம்பில இரும்பு ஏதும் இருக்கோ அம்மா?" எண்டு கேட்டா. கேட்டு முடிய முதலே "இல்லை" எண்டன்.

பச்சைப் பொய். ஆமி அடிச்சு எங்கட வளவுக்குள்ள விழுந்த செல் குண்டின்ர இரும்புப் பீஸ் என்ர தொடைக்குள்ள கிடக்கு. வன்னியில அது ஒரு புதினமே? ஆனால் ஆமி செக்பொயின்ரில காயத்தைக் கண்டால், இயக்கத்தோட சண்டைக்குப் போனவள் எண்டு பிடிச்சு வைப்பினம். அதால இல்லை எண்டு சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சு. கொழும்பில தங்கின லொட்ஜிலயும் அண்ணர் சொன்னவர், "பீஸைப் பற்றி மூச்சு விடாத" எண்டு.

"வடிவா யோசியுங்கோ" எண்டா பிள்ளை. "உள்ளுக்க பெரிய காந்தம். இரும்பு கிடந்தால் அசைஞ்சு சதையைக் கிழிக்கும்."

எனக்குக் கோவம் பொத்துக்கொண்டு வந்தது. என்ர உடம்பில என்ன கிடக்கெண்டு சொல்ல நான் ஏன் நடுங்கோணும்? நான் கேட்டோ வாங்கினனான்? "இருக்கு பிள்ளை. தொடையில செல் பீஸ். எழுதும்!" எண்டு விறாந்தை முழுக்கக் கேக்கச் சொன்னன். அண்ணற்ர முகம் செத்துப்போச்சு.

எக்ஸ்ரே எடுத்துப் பாத்தால் பீஸ் பெரிய இரத்தக்குழாயோட ஒட்டிக்கொண்டு கிடக்கு. மெசினுக்குள்ள விடேலாது எண்டிட்டார் டொக்டர். கொஞ்சம் யோசிச்சார்.

"அப்ப விறைப்பூசி போட்டு, முழிப்பிலயே வெட்டுவம். நீங்கள் கதைச்சுக்கொண்டே இருக்கோணும். கதை தடக்கினால் நான் அந்த இடத்தில கை வைக்க மாட்டன்."

ஆரிட்ட என்ன கேக்கிறார் மனுசன்! நாத்து நட்டதில தொடங்கி, செல் விழுந்தது, ஓடினது எல்லாம் சொன்னன். அவர் தைச்சு முடிச்ச பிறகும் நான் நிப்பாட்டேல்லை.

திரும்பி வரேக்க வவுனியாவில சோதினை. மொட்டைத் தலையில தையலைக் கண்ட ஆமிக்காரன், "வேற காயம் இருக்கா?" எண்டான். அண்ணர் என்ர காலை மிதிச்சார்.

"இருக்கு" எண்டன். "தொடையில. செல் பட்டது. ஏன் பட்டதெண்டு அடிச்சவையைக் கேளுங்கோ."

பின்னேரம் வரைக்கும் எங்களை வெயிலில இருத்தி வைச்சுக் கேள்வி கேட்டாங்கள். எல்லாத்துக்கும் பதில் சொன்னன். ஒரு சொல்லும் தடக்கேல்லை.